ஷோர்ட் கோர்னருக்கு முன் ஊதிய விசில்

நிஸாம் நானா போய்விட்டார்.

காலையில் கடை திறக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சாய்ந்துவிட்டார். அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். தில்லையடி மையவாடியிலிருந்து இப்போதுதான் வந்தேன்.

இந்தப் பக்கம் ஹொக்கி விளையாடியவர்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்கு... த்ரீவீலர் சீட்டுக்குக் குஷன் தைக்கிற கடை வைத்திருந்தவர். சனி, ஞாயிறில் எங்கள் அம்பயர். விசில் ஊதினால் ஊதியதுதான்.

அவரோடு எட்டு மாதம் நான் கதைக்காமல் இருந்திருக்கிறேன். அதை எழுதாமல் இன்று வேறெதையும் எழுத முடியாது.

டிலான் என்று ஒரு பிள்ளை. ஊர் கண்டக்குழி. அப்போது பத்தொன்பது வயது. ரைட் பேக். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மாஸ்டராக இருந்த நான்தான் அவனுக்குப் பயிற்சி கொடுத்தேன்.

ஓடிப் போய்ப் பந்தைப் பறிக்கிற ஆள் இல்லை அவன். எதிர் ஆள் எங்கே தள்ளப் போகிறான் என்று அந்த ஆளுக்கே தெரிய முன்னம் அங்கே போய் நிற்பான். பந்து தானாக அவனிடம் வரும்.

கொழும்பிலிருந்து ஒரு கம்பனி டீமின் கோச் அவனைப் பார்க்க வந்தார். பிடித்தால் ஒப்பந்தம், வேலை, தங்க இடம்... விளையாட்டே தொழில். எங்கள் கடற்கரைப் பக்கத்திலிருந்து அதுவரை ஒருவரும் அப்படிப் போனதில்லை.

ட்ரயல் மெட்ச். நிஸாம் நானா அம்பயர். கோச் என் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார்.

"பாத்தீங்களா மாஸ்டர், தலை ஒரு இடத்தில நிக்குதில்ல. பந்து வர முதல் தோளுக்கு மேலால பாக்கிறான். திரும்பவும் பாக்கிறான். டிபெண்டருக்கு இதுதான் மூளை. இதச் சொல்லிக் குடுக்க ஏலாது."

எனக்குச் சந்தோசத்தில் கதிரையில் இருக்க முடியவில்லை.

இடைவேளை. நிஸாம் நானா தண்ணீர்ப் போத்தலை எடுத்தார், திறக்கவில்லை. என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், அவன் இடப்பக்கம் மட்டுந்தான் தலையத் திருப்புறான். வலப்பக்கம் ஒருக்காலும் இல்ல. அந்தப் புள்ளக்கி இடக்கண் தெரியுதில்ல."

"சும்மா இருங்க நானா."

"நான் அவன்ட இடப்பக்கத்தில நிண்டு கை காட்டிப் பாத்தன். அவன் அசையல்ல."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ப்ராக்டிஸில் அவன் முகத்தில் ஸ்டிக் பட்டது. "ஒண்டுமில்ல சேர்" என்றான். நானும் விட்டுவிட்டேன்.

தெரிந்த பிறகும் நான் சொன்னது இதுதான்: "இன்னும் கொஞ்ச நேரந்தானே நானா... முடியட்டும். மெடிக்கல்ல அவங்களே பாத்துக்கொள்ளட்டும்."

அவர் போத்தலை வைத்துவிட்டுக் கிரவுண்டுக்குள் போனார்.

கடைசி நிமிடங்களில் எதிர் டீமுக்கு ஷோர்ட் கோர்னர். கோட்டிலிருந்து ஒருவன் பந்தைத் தள்ளிவிட, கோலுக்கு நேரே நின்று மற்றவன் முழுப் பலத்தோடு அடிப்பான். கல்லுப் போலப் பந்து. அதற்கு எதிரே முதலில் பாய்ந்து ஓட ஒருவன் வேண்டும்.

டிலான் கோல் கோட்டில் குனிந்து நின்றான். அவன்தான் முதலில் ஓடுகிறவன்.

நான் வாய் திறக்கவில்லை.

விசில்.

பந்தைத் தள்ள முன்னமே. எல்லாரும் கத்தினார்கள். நிஸாம் நானா நேரே டிலானிடம் நடந்தார். உள்ளங்கையால் அவனுடைய வலக்கண்ணைப் பொத்தினார். மற்றக் கையை முகத்துக்கு முன்னே தூக்கினார்.

"எத்தன விரல், மகன்?"

டிலான் தலையை இடப்பக்கம் திருப்பப் பார்த்தான்.

"எத்தன?"

"...தெரியாது."

கோச் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது உங்களுக்குத் தெரியுமா மாஸ்டர்?"

"தெரியாது" என்றேன்.

அதற்குள் நிஸாம் நானா கிட்ட வந்துவிட்டார். அவருக்கும் கேட்டது. என் முகத்தைப் பார்த்தார். நான் பொய் சொன்னதை அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் யாரிடமும் சொல்லவில்லை.

கண்ணுக்குள் திரை கழன்றுவிட்டது, பிந்தி வந்துவிட்டீர்கள் என்றார் டொக்டர். ஒப்பரேஷன் செய்தும் இடக்கண் திரும்பவில்லை. பிள்ளையின் வாய்ப்பைக் கெடுத்துவிட்டார் என்று டிலானுடைய அப்பா கடைக்கே போய் நிஸாம் நானாவை ஏசினார். ஊரும் ஏசியது. நானும் அவரோடு கதையை நிறுத்தினேன். கோபம் என்று சொல்லிக்கொண்டேன்...

எட்டு மாதம் கழித்து என் வீட்டு கேட்டடியில் நிஸாம் நானாவின் மோட்டார் சைக்கிள் நின்றது. "உள்ள வாங்க" என்றேன். வரவில்லை.

"எல்லாருக்கும் முன்னால வெச்சுக் கேட்டது என்ட பிழதான். அது கிடக்கட்டும். புள்ளய லெஃப்ட் பேக்ல விடுங்க மாஸ்டர். எல்லைக்கோடு இடப்பக்கம் போயிரும். கிரவுண்ட் முழுக்க நல்ல கண்ணுக்கு வரும். முகத்துக்கு மாஸ்க் போடுங்க. ஷோர்ட் கோர்னருக்கு மட்டும் வெளிய எடுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டொக்டரிடம் கேட்டுக்கொண்டு அப்படியே செய்தேன். டிலான் எங்கள் டவுன் கிளப்புக்கு ஐந்து சீசன் லெஃப்ட் பேக் விளையாடினான். கொழும்பிலிருந்து பிறகு யாரும் வரவில்லை. ஆனால் அவன் நின்ற பக்கத்தால் பந்து கொண்டுபோகப் பெரிய டீம்களே பயந்தன.

"சேர்தான் என்ன லெஃப்டுக்கு மாத்தினவர்" என்று எல்லாரிடமும் சொல்வான். அவனுடைய கல்யாண வீட்டிலும் சொன்னான். நான் சிரித்துக்கொண்டு இருந்தேன்.

இன்றைக்கு அவனும் மையவாடிக்கு வந்திருந்தான். லொட்ஜில் வேலை. அந்த டீ-ஷர்ட்டோடேயே. நாங்கள் இரண்டு பேரும் மதிலடியில் நின்றோம். சனம் கலைகிறபோது சொன்னேன்.

"டிலான், லெஃப்ட் பேக் என்ட யோசனை இல்ல. நிஸாம் நானாட."

என்னையே பார்த்தான்.

"இத ஏன் சேர் இப்ப சொல்றீங்க?"

அவன் என்னை விட்டுவிட்டுத் தனியே நானாவின் கபுரடிக்கு நடந்தான்.

போயிட்டு வாங்க நானா.