மகளின் போனை நான் எடுப்பேன்

என் மகள் கெம்பஸ் போன நான்காவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. அவளுக்கு விரிவுரை நடக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் அவள் அழைக்கவே மாட்டாள்.

நான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பத்தொன்பது வருடமாகக் கொழுந்து எடுக்கிறேன். என் வீட்டுக்காரர் அதே தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். எங்களுக்கு ஒரே மகள். தோட்டத்தில் நாங்கள் இருக்கும் டிவிஷனிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண் அவள்தான். எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதப் போவதில்லை. அவளுக்கு நடந்தது எங்கே வேண்டுமானாலும் நடக்கும்.

எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயம் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே சிக்னல் கிடைக்காது. மேல் மலைக்கு ஏறினால்தான் போன் உயிர் பெறும். அதனால் வேலைக்குப் போகும்போது போனைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போவேன். வேலை நேரத்தில் போன் கூடாது என்று தோட்டத்தில் சட்டம். எனக்கும் அது தெரியும்.

போனை எடுத்தேன். பேச்சு வரவில்லை, மூச்சுதான் கேட்டது. "என்னம்மா?" என்றேன். "அம்மா, நான் வீட்டுக்கு வந்துடட்டுமா?" என்றாள்.

மேல் வரிசையில் நின்ற கங்காணி என்னைப் பார்த்துவிட்டார். "இந்தாம்மா, போனை வை. வேலை நேரத்துல என்ன பேச்சு?"

"பேசி முடிச்சிட்டு வைக்கிறேன்."

"வைக்கலன்னா அரைப்பேர்தான் போடுவேன்."

"போட்டுக்கிங்க."

கங்காணி போட்ட சத்தம் அவள் காதில் விழுந்திருக்கிறது. "அம்மா, திட்டுறாங்க, நீங்க வைங்க," என்றாள். "அவரு திட்டுனா திட்டட்டும், நீ சொல்லு," என்றேன். அவள் சொல்லவில்லை. "ஒண்ணுமில்லம்மா, சாப்பாடு பிடிக்கல," என்று வைத்துவிட்டாள். சாப்பாடு பிடிக்காததற்கு யாரும் அப்படி மூச்சு வாங்க மாட்டார்கள். நான் கொழுந்துப் பையைத் தலையிலிருந்து இறக்கி வைத்தேன். கங்காணி அரை நாள் சம்பளத்தோடு கீழே அனுப்பிவிட்டார். நானும் இறங்கிவிட்டேன்.

பின்னேரத்துக்குள் லயம் முழுக்கச் செய்தி பரவியது. பாதிப் பேர், "பொம்பளப் புள்ள, கூட்டிட்டு வந்துருங்க," என்றார்கள். மீதிப் பேர், "பெரிய படிப்புன்னா அப்படித்தான், பல்லைக் கடிச்சிட்டு இருக்கச் சொல்லுங்க," என்றார்கள். எனக்கு இரண்டு பக்கத்து மேலும் கோபம் வந்தது. அவளுக்கு என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே தீர்ப்புச் சொல்கிறார்கள்.

"நான் போய்ப் பாத்துட்டு வாறேன்," என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அவர் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. "நாம போயி அங்க என்னத்த பேசுறது? இங்கிலீசுல கேப்பாங்களே," என்றார்.

"கேக்கட்டும். நான் தமிழ்ல சொல்றேன். புரியலன்னா சிங்களத்துல சொல்றேன். நம்ம புள்ளைய நாமதான் அங்க அனுப்பியிருக்கோம், கடத்திட்டா போனாங்க?"

அவர் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் விடியும்போது எனக்கு முன்னாலேயே எழுந்து ரொட்டி சுட்டு, மிளகாயும் வெங்காயமும் போட்டுக் கட்டச் சம்பல் இடித்து, வாழை இலையில் கட்டி வைத்திருந்தார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் தனியாகவே கிளம்பினேன்.

முதல் பஸ்ஸில் ஹட்டன், அங்கிருந்து ரயில், இறங்கி இன்னொரு பஸ். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அவள் படிக்கிற பீடத்துக்குப் பெரியவரான பீடாதிபதியைப் பார்ப்பேன், இப்படிச் சொல்வேன், அப்படிக் கேட்பேன் என்று. கேட்டில் இருந்த காவலாளி யார் நீ, எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். மகளைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று சிங்களத்திலேயே சொன்னேன். பெற்றோர் இப்படிச் சும்மா உள்ளே போக முடியாது என்றார். அப்படியானால் அவள் வரும்வரை இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று அவருடைய கூண்டுக்குப் பக்கத்தில் கட்டையில் உட்கார்ந்தேன். அவரே ஒரு மாணவியை அனுப்பி மகளைக் கூப்பிட்டுவிட்டார்.

அவள் வந்தாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வருவாள் என்று நினைத்தேன். முகம் இறுகிப் போய் நின்றாள்.

"ஏன் வந்தீங்க?"

"நீ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

"நான் வரச் சொல்லலம்மா. காது குடுத்துக் கேக்கத்தான் அடிச்சேன்."

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. சிரேஷ்ட மாணவர்கள் சிலர் பகல் சாப்பாட்டு நேரத்தில் புதுப் பிள்ளைகளைக் கெண்டீனில் எழுப்பி நிறுத்தி வேடிக்கை காட்டச் சொல்வார்களாம். சிலரைப் பாடச் சொல்வார்கள், சிலரை ஆடச் சொல்வார்கள். இவள் எந்த ஊர் என்று தெரிந்ததும் இவளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறார்கள். புத்தகப் பையின் பட்டியை நெற்றியில் மாட்டிக்கொண்டு, மேசை மேசையாகக் கொழுந்து பறித்துக் காட்ட வேண்டும். இவள் பேசினால் அதே மாதிரி இழுத்துப் பேசிச் சிரிப்பார்கள். அவர்களும் தமிழ்ப் பிள்ளைகள்தான். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. மூன்று வாரமாகப் பறித்துக் காட்டியிருக்கிறாள். முந்தின நாள் காலையில், இன்றைக்கும் பகல் சாப்பாட்டு நேரம் வரும் என்று நினைத்தே விரிவுரையிலிருந்து எழுந்து போய் எனக்குப் போன் பண்ணியிருக்கிறாள்.

"இத ஏன் எங்கிட்ட முன்னமே சொல்லல?" என்றேன்.

"எப்படிச் சொல்றது? ஒவ்வொரு தடவையும், மழையில நனையுறது உனக்காகத்தான், அத மனசுல வச்சுப் படின்னு சொல்வீங்க. அதுக்கப்புறம் எனக்கு இங்க கஷ்டம்னு எப்படிச் சொல்றது? நீங்க வேலை செய்யுறதத்தான் அவங்க கிண்டல் பண்றாங்கன்னு எப்படிச் சொல்றது?"

அப்படிச் சொன்னால் பிள்ளைக்குத் தெம்பு வரும் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் வாயை நானே தைத்து வைத்திருந்தேன். அந்த மரத்தடியில் அதை ஒத்துக்கொள்வது எனக்கு அவ்வளவு சுலபமாக இல்லை.

"சரி, நான் போய்ப் பீடாதிபதியைப் பாக்குறேன்," என்று எழுந்தேன்.

"வேணாம். நீங்க போய்ப் பேசினா, நாளையிலிருந்து அம்மாவக் கூட்டிட்டு வந்தவள்னு சொல்வாங்க. அத நான் பாத்துக்குறேன்."

அத்தனை தூரம் வந்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் எப்படித் திரும்புவது? வயலில் மாடு இறங்கினால் கல்லெடுக்கத் தோன்றுகிற மாதிரி இருந்தது. ஆனால் அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நாலு வருடம் அங்கே இருக்கப் போகிறவள் அவள். திரும்ப உட்கார்ந்தேன்.

"அப்ப நான் என்ன செய்யணும்? நீயே சொல்லு."

நான் அவளிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவள் என் பக்கத்திலிருந்த வாழை இலைப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "கொண்டு வந்தத கெண்டீன்ல வச்சு எங்கூடச் சாப்பிடுங்க," என்றாள்.

காவலாளியிடம் அவளே பேசி என்னை உள்ளே கூட்டிப் போனாள். பகல் சாப்பாட்டு நேரம், கெண்டீன் நிறைந்திருந்தது. நடுவில் ஒரு மேசையில் உட்கார்ந்து வாழை இலையைப் பிரித்தோம். இரண்டு வாய் சாப்பிட்டிருப்போம், ஒரு பையன் வந்து நின்றான். பின்னால் மூன்று நாலு பேர். நான் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"என்ன, இன்னைக்குக் கொழுந்து இல்லையா?" என்றான்.

மகள் எழுந்து நின்றாள். அவள் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. வார்த்தை தெளிவாக வந்தது. "இவங்க என் அம்மா. இவங்கதான் கொழுந்து எடுக்குறவங்க. எனக்கு எடுக்கத் தெரியாது. நான் இவ்வளவு நாள் பொய்யாக் காட்டுனேன். கேக்குறதா இருந்தா இவங்ககிட்ட கேளுங்க."

அவன் முகம் மாறியது. நான் கையைக் கழுவவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. "உக்காருங்க தம்பி," என்றேன். அவன் உட்காரவில்லை. "நின்னுக்கிட்டே கேக்குறீங்களா, சரி. நெத்தியில பட்டிய மாட்டினா கழுத்த வளைக்கக் கூடாது. முதுகுதான் தாங்கணும். ரெண்டு இலையும் ஒரு அரும்பும். முத்தின இலை கலந்தா தொழிற்சாலையில திருப்பி அனுப்பிடுவாங்க. அட்டை ஏறுனா வேலைய நிறுத்தாம உப்ப வச்சுத் தேய்க்கணும். இவ்வளவும் தெரிஞ்சாத்தான் அத நடிச்சுக் காட்ட முடியும். உங்களுக்கு வேணும்னா பைய மாட்டிக் காட்டுங்க, சரியா இருக்கான்னு நான் பாத்துச் சொல்றேன்."

என் துணிப் பையை மேசைமேல் எடுத்து வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சும்மா பகிடிக்குத்தான் அன்ட்டி," என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டான். மகள் உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்தாள். சம்பலில் உறைப்புக் கூட என்றாள். "உங்கப்பா இடிச்சது, அவருகிட்ட சொல்லு," என்றேன்.

சாப்பிட்ட பிறகு அவளாகவே மாணவர் ஆலோசகரின் அறைக்குப் போனாள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதி, கையெழுத்தையும் அவளே போட்டாள். நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். வெளியே இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இருந்தேன்.

பஸ் ஏறுமுன் அவளிடம் கங்காணியோடு நான் போட்ட சண்டையை முழுக்கச் சொன்னேன். என் சங்கடங்களை அவளிடம் கதையாகச் சொன்னது அதற்கு முன் கிடையாது, கணக்குத் தீர்க்கிற மாதிரிதான் சொல்லியிருக்கிறேன். "போட்டுக்கிங்கன்னா சொன்னீங்க?" என்று அவள் சிரித்தாள்.

அன்று ஹட்டனில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி மறுநாள் பகல் தோட்டம் திரும்பினேன். அதற்கு அடுத்த நாள் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக்கொடுக்கிற இடத்தில், தோட்ட உத்தியோகத்தர் எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டார். சொல்லாமல் இரண்டு நாள் வரவில்லை, வேலை நேரத்தில் போன் பேசுகிறேன் என்று கங்காணி சொல்லியிருந்தார். இனிமேல் அப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வைக்கும்படி உத்தியோகத்தர் சொன்னார்.

"ரெண்டு நாள் வராதது என் தப்பு, அதுக்குக் கையெழுத்து வைக்கிறேன்," என்றேன். "போனுக்கு வைக்க மாட்டேங்க ஐயா. லயத்துல சிக்னல் இல்ல. ஊர்சுத்துற கதைக்கு நான் போன் எடுக்கல. என் மகள் அடிச்சா எடுப்பேன். அஞ்சு நிமிசம் பேசுவேன். அந்த அஞ்சு நிமிசக் கொழுந்த சாப்பாட்டு நேரத்துல எடுத்துக் குடுக்குறேன்."

"எல்லாரும் இப்படிக் கேட்டா வேலை எப்படி நடக்கும்?"

"எல்லார் வீட்டுலயும் புள்ள கெம்பஸ் போகட்டும், அப்ப பாப்போம்."

பின் வரிசையிலிருந்து ஒரு பெண், "எம் மகன் கொழும்புல படிக்கிறான் ஐயா, எனக்கும் அதே பேச்சுதான்," என்றாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவளும் தலையை ஆட்டினாள். உத்தியோகத்தர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அனுமதி என்று அவர் சொல்லவில்லை. இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு போன் அடித்தால் கங்காணி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு தடவை அவரே, "என்னவாம், சுகமா இருக்காளா?" என்று கேட்டார்.

கெம்பஸில் எல்லாம் உடனே நேராகிவிடவில்லை. விசாரணை வைத்தார்கள். இரண்டு பேரைச் சில வாரம் வகுப்புக்கு வரவிடவில்லை. அதற்காக இவளோடு விடுதி அறையில் இருந்த பெண்களே மூன்று மாதம் பேசாமல் இருந்தார்கள். அந்த மூன்று மாதமும் தினமும் போனில் பேசினோம். படித்தாயா என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். இன்றைக்கு என்ன கோபம், யார் மேல் கோபம் என்று கேட்பேன். என் கோபத்தையும் சொல்வேன். சில நாள் இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. அப்போது மலையில் காற்று அடிக்கிற சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வைப்பாள்.

இப்போது அவள் கடைசி வருடம். போன மாதம் பக்கத்து டிவிஷன் பெண்ணொருத்தி, தன் மகளுக்கும் அதே கெம்பஸ் கிடைத்திருப்பதாகச் சொல்லி வந்தாள். அவள் புருசன் அனுப்ப மாட்டேன் என்கிறாராம். நான் அவர்கள் லயத்துக்கே போய் அந்த மனிதரோடு ஒரு மணிநேரம் வாதாடினேன். பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, வீட்டோடு வைத்துக்கொள்வதற்கு இல்லை என்றேன். அவர் அரைமனதோடு தலையாட்டினார். எனக்கு அது போதும்.

பிள்ளையை விடுதியில் சேர்க்கிற நாளில் அந்தத் தாயோடு நானும் போனேன். கேட்டுக்கு முன்னால் வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உள்ள விடுவாங்களா?" என்றாள்.

"கேட்டுப் பாப்போம். விடலன்னா இங்கேயே உக்காருவோம்," என்றேன். பிள்ளை எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.