உப்பிட்ட தலை

யுத்தத்துக்கு முந்திய அந்த வருஷங்களில் சேலம் மாட்டாஸ்பத்திரியில் மைக்ராஸ்கோப் பார்ப்பது என் வேலை. வெறிநாய் என்று சந்தேகம் வந்தால் தலையை எங்களிடம் கொண்டுவருவார்கள். மூளையில் துளி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றிப் பார்ப்பேன். வெறி இருந்தால் மூளையின் உயிரணுவுக்குள், நடுவிலிருக்கும் கருவுக்கு வெளியே, சிவப்பாக ஒரு பொட்டு தெரியும். கருவுக்குள்ளே தெரிந்தால் அது வேறு ஏதோ. இடம் தப்பக் கூடாது. அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு மண்டைக்கனம்.

ஒருநாள் மேச்சேரியிலிருந்து அக்காவின் வீட்டுக்காரர் ஒரு சட்டியோடு வந்தார். ஆட்டுப்பட்டிக் காவல் நாய் அக்காவின் கையைக் கடித்துவிட்டதாம். அன்றைக்கே அடித்துக் கொன்றாராம். மூன்று நாள் கழித்து வந்து நிற்கிறார். சட்டிக்குள் நாய்த்தலை, கெட்டுவிடக் கூடாதென்று, ஆட்டுக்கறிக்குச் செய்கிற மாதிரியே மஞ்சளும் உப்பும் திணித்திருந்தார். எனக்குப் பொல்லாத கோபம். உப்புக்கண்டமா போடுகிறீர்கள் என்று கத்திவிட்டேன். ஆடு வளர்க்கிற மனுஷர், பாவம், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

உப்பில் உயிரணுக்கள் வற்றல் போலச் சுருங்கிக் கிடந்தன. கரு எது, வெளி எது என்றே பிரியவில்லை. இதில் எதுவும் சொல்ல முடியாது, உடனே ஊசி போடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். பதினான்கு நாள், வயிற்றில் ஊசி. ஆடுகள் குட்டி போடுகிற சமயம், அக்கா பட்டியை விட்டு வரமாட்டாள் என்று அவர் இழுத்தார். திட்டிவிட்டோமே என்று எனக்கும் உறுத்தல். தெரியவில்லை என்று சொல்ல, பாழாய்ப்போன நாக்கு எழவில்லை.

“ஒண்ணுமில்லீங்க மாமா, தைரியமாப் போங்க” என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஒன்றரை மாதத்தில் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். அக்காவைக் கயிற்றுக் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தண்ணீர்ச் சொம்பைக் கண்டாலே உடம்பு தூக்கிப்போட்டது. அது ஓய்ந்தபோது என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“வெறி இல்லீன்னு நீதானே பாத்துச் சொன்ன. இவங்களுக்குத் தெரியல. அவுத்துவுடச் சொல்லு சாமி.”

மாமா முடிச்சில் கை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நான் வேண்டாமென்று தலையசைத்தேன். அக்கா அதைப் பார்த்தாள்.