சிவப்பு அடித்த புஷ்

மனிதர்களுக்கு ‘ரிஜெக்‌ஷன் ரேட்’ கணக்கிட்டு, கீழே கையெழுத்தும் போட்ட மேதை நான். என் மேஜையில் காகிதம் பறக்காமல் காத்துக்கொண்டிருக்கும், சிவப்புப் பெயிண்ட் அடித்த, அச்சுத்தண்டில் மாட்டும் குட்டி இரும்புக் குழலான புஷ் அதைத் தினமும் நினைவுபடுத்துகிறது. ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் செலவுக் கணக்குப் போடும் காஸ்டிங் பிரிவில் தலை நரைத்தவனுக்கு உலகமே உதிரிபாகமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. எதற்கும் அடக்கவிலை போட்டுவிடுவேன். என் கல்யாணத்துக்குப் போடத்தான் துணிச்சல் வரவில்லை.

குற்றம் செய்து, சிறைக்கு அனுப்பப்படாமல் நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டவர்களுக்கு லேத் வேலை கற்றுத்தர ஓர் அறக்கட்டளை கொட்டகை நடத்தியது. அதை மூடலாமா என்று என்னிடம் கணக்குக் கேட்டார்கள். போய்ப் பார்த்தேன், ஆசைக்கு நானும் கொஞ்ச நேரம் லேத்தைப் பிடித்து இரும்பு கடைந்தேன். அளவு தப்பிய துண்டுகளுக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தவர் குருபரப்பள்ளிக்காரர்; நெடுஞ்சாலையில் நிற்கும் லாரிகளில் டீசல் உறிஞ்சி மாட்டியவர். கிளம்பும்போது அந்தக் குவியலிலிருந்து ஒரு புஷ்ஷை நினைவுக்காக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதமே டீசல்காரர் மறுபடி மாட்டினார். மொத்தச் செலவைத் தேறியவர்கள் தலையில் வகுத்தேன், தேறாதவர்கள் ரிஜெக்ட். தொகை பயமுறுத்தியது. மூடிவிடலாம் என்று எழுதினேன்.

அந்த அறிக்கையோடு, இவர்களைக் கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலர் அம்மா என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ரிஜெக்ட் ஆனத உங்க கம்பெனில என்ன சார் பண்ணுவீங்க?”

“எடைக்குப் போட்டுடுவோம் மேடம்.”

“இந்த டீசல்காரரை எந்தக் கடையில எடைக்கு எடுப்பாங்க? போலீசு, கோர்ட்டு, ஜெயிலு, உள்ள இருக்கற வரைக்கும் மூணு வேளை சோறு... இதெல்லாம் உங்க கணக்குல எங்க?”

“அது கவர்மெண்ட் செலவு மேடம்.”

“கவர்மெண்ட் பணம் என்ன அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகாவுல இருந்தா வருது? நீங்க கட்டற வரிதானே! வாரத்துக்கு நாலு லாரில கை வச்ச ஆளு, இங்க வந்தப்புறம் ஒரு தடவைதான் தப்பு பண்ணியிருக்காரு. அதுக்கு உங்ககிட்ட மார்க்கே கிடையாதா? கொட்டகை இருந்தா ஜட்ஜு இன்னொரு சான்ஸ் தருவாரு. மூடினா நேரா ஜெயிலுதான். இவரோட ரெண்டு பொண்ணுங்களுக்கும் சேத்து சிவப்பு அடிச்சுட்டீங்க சார்.”

என் கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. மூடுவதற்கு ஆகும் செலவு மட்டும்தான் இல்லை. கொட்டகையை ஓட்டும் செலவை ஒன்றுமில்லாததோடு ஒப்பிட்டிருந்தேன்; ஒப்பிட்டிருக்க வேண்டியது சிறையோடு.

அறக்கட்டளைக் கூட்டத்தில் எழுந்து, “என் அறிக்கை ரிஜெக்ட், திரும்ப எடுத்துக்கறேன்” என்றேன்.

“யோவ், நீ யாரு பக்கம்யா?” என்றார் தலைவர்.

“கணக்குப் பக்கம்” என்றேன். வாழ்க்கையில் நான் பேசிய ஒரே வீர வசனம் அது. கூட்டத்துக்கு வந்திருந்த அலுவலர் அம்மா அதோடு விடவில்லை: “மூடறதுன்னா மூடுங்க. மூடறதுக்கு ஆகற செலவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு மூடுங்க.” யாரும் பேனாவை எடுக்கவில்லை. கொட்டகை இன்றும் ஓடுகிறது. செலவு என்று முனகுகிறவர்கள் இன்றும் உண்டு. சிறைச் செலவையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு வரட்டும், பேசுவோம்.

போன வாரம் டீசல்காரர் மூத்த மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். இப்போது அதே கொட்டகையில் மேஸ்திரி. புஷ்ஷை எடுத்துக் காட்டி, “உங்க ஞாபகமாத்தான் இத்தனை வருஷமா வச்சிருக்கேன்” என்று நெகிழ்ந்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது அன்னிக்கு நீங்க கடைஞ்சது சார். நான் சிவப்புதான் அடிச்சேன்.”