ஞானப்பூ டீச்சரம்மா எரித்த போர்வை

தையல் வகுப்புத் தோழிகளே, இன்று என் வீட்டில் நடந்தது இது.

மகள் எஸ்தருக்கு வாந்திபேதி. படுக்கைத் துணிகளையெல்லாம் எரித்துவிடச் சொன்னார் டாக்டர். அவளோ ஒட்டுத்துணிப் போர்வையை மட்டும் விடவில்லை. அவள் பிறந்தபோது நம் ஞானப்பூ டீச்சரம்மா தைத்துத் தந்தது. பிடுங்க மனமில்லாமல், விட்டுவைக்கவும் பயந்து அழுதுகொண்டிருந்தேன்.

நம் விரலில் ஊசி குத்தினால் வாயில் கருப்பட்டித் துண்டு போடுவாரே, அதே மனுஷிதான். வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகியும், கேள்விப்பட்டதும் வந்துவிட்டார்.

"விட மாட்டேங்கா, டீச்சரம்மா" என்றேன்.

"அழாதட்டி. பிள்ள பொழைச்சா போதும்" என்றவர், எஸ்தரிடம் குனிந்தார். "இதத் தந்துரு மக்கா. நான் வேற தைக்கேன். என்ன நெறம் வேணும்?"

நேற்றிலிருந்து வாய் திறக்காதவள், "பச்சை" என்றாள். பிடியைத் தளர்த்தினாள்.

டீச்சரம்மாவே முற்றத்தில் போட்டுத் தீ வைத்தார். அப்போது அவரும் அழுதார்.

நாளை விடிந்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். டீச்சரம்மா வாசலில் உட்கார்ந்து தைக்கத் தொடங்கிவிட்டார். பச்சைத் துணிதான் போதவில்லை. இருப்பவர்கள் கொடுத்தனுப்புங்கள். சாயம் போன பச்சை வந்தால், திட்டு எனக்குத்தான் விழும்.