கொடியை அவிழ்த்தவள்

கேகாலையில் ருவான்வெல்லை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோதுதான் பிலோமினாவின் மகள் டிலானியின் அழைப்பு வந்தது. "சித்தி, அம்மா போயிட்டாங்க. தேத்தண்ணி குடிச்சிட்டு சாஞ்சாங்க, அவ்வளவுதான்." வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிலோமினா எங்கள் லயத்துக்காரி, தோட்டத்தின் அதே வரிசை வீடுகளில் குடியிருந்தவள், என் வயதுக்காரி. 'அவர்' என்று மரியாதையாக எழுதினால் எழுந்து வந்து திட்டுவாள். ஆகவே அவள் என்றே எழுதுகிறேன்.

யுத்த காலத்தில் நம் றப்பர் தோட்டத்திலிருந்து இராணுவத்தில் சேர்ந்தவர் அவள் கணவர் ஆன்டனி அண்ணன் மட்டும்தான். அவருக்கு அங்கே டிரைவர் வேலை. சேர்ந்தது அவர், பேச்சு வாங்கியது இவள். கடைத்தெருவில் இவள் தமிழச்சி, லயத்தில் ஆமிக்காரன் பொண்டாட்டி. குழாயடியில் ஒருத்தி அதைச் சொல்லிக் குத்திக்காட்டியபோது, "ஆமியில சேந்தது அவரு. நான் தண்ணி புடிக்க வந்தவ. குடத்தத் தள்ளுடி" என்றாள். குத்திக்காட்டியவளே சிரித்துவிட்டாள்.

ஒரு நாள் காலையில் இராணுவ ஜீப் ஒன்று லயத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் ஜீப் ஒரு சிப்பாயின் வீட்டைத் தேடி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். வந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இளைஞர்கள் வேட்டியைக் கிழித்து, சாவு வீட்டுக்குக் கட்டுவதுபோல வழி நெடுக வெள்ளைக் கொடி கட்டிவிட்டார்கள். மலையில் றப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த பிலோமினா வாளியோடு இறங்கி வந்தபோது அந்தக் கொடிகளைத்தான் முதலில் பார்த்தாள். பெண்கள் ஒப்பாரி வைக்கத் தொடங்கினார்கள். அவள் அழவில்லை. நேராகப் போய் சிப்பாயிடம் சிங்களத்தில், "மஹத்தயா, மனுசன் இருக்காரா இல்லையா?" என்று கேட்டாள். பதறிப்போன அவன், "இன்னவா அக்கே, இன்னவா!" என்றான். இருக்கிறார். இடது கால்தான் போய்விட்டது. கொழும்பு ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப்போக வந்த ஜீப் அது.

"உசுரோட இருக்குற மனுசனுக்கு எதுக்குடா கொடி?" என்று கத்திக்கொண்டே ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கட்டியவர்களும் ஓடிப்போய் கூட அவிழ்த்தார்கள். பிறகு பால் வாளியை என் கையில் கொடுத்து, "மேரி, உறையுறதுக்குள்ள நிறுத்துக் குடுத்துடு" என்று சொல்லிவிட்டு, வேலை உடுப்போடு ஜீப்பில் ஏறிப் போனாள். எப்படிப்பட்ட பெண் பாருங்கள்!

அண்ணன் வீட்டுக்கு வந்தார், ஆனால் வந்தது உடம்பு மட்டும்தான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். செயற்கைக் கால் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. "செத்திருந்தா உனக்கு ஒரு கௌரவமாச்சும் இருந்திருக்கும்" என்று ஒரு நாள் என் முன்னாலேயே சொன்னார். "கட்டுன கொடிய அவுத்தவ நான். படுத்துக்கிட்டே செத்துரலாம்னு பாக்காதீங்க" என்றாள். அன்றைக்கு அவள் அழுதாள், நானும் அழுதேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் ருவான்வெல்லையிலிருந்து இருவரும் த்ரீவீலரில் வந்தோம். வழி முழுக்க அவள் குனிந்து டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாவம், அந்த மனிதர் கூச்சத்தில் நெளிந்தார். இறங்கியதும் என்னை உலுக்கினாள். "பிரேக்கு வலது காலுலதான் இருக்கு மேரி! மத்ததெல்லாம் கையில! எடது காலுக்கு அங்க வேலையே இல்ல!" இவ்வளவு பேர் அந்த வண்டியில் போய் வருகிறோம், யாருக்காவது இது கண்ணில் பட்டதா? மறு வாரமே தன் தம்பியின் பழைய வண்டியைக் கேட்டு வாங்கி வந்து வாசலில் நிறுத்திவிட்டாள். அண்ணனும் முனகிக்கொண்டே ஏறினார். ஆனால் லயத்திலிருந்து றப்பர் பால் நிறுக்கும் ஸ்டோர் வரைக்கும்தான் ஓட்டுவார். தோட்ட வாசலைத் தாண்டமாட்டேன் என்றார். வெளியே எல்லோரும் காலைப் பார்ப்பார்களாம்.

மகள் டிலானி இராணுவத்தில் தாதியாகச் சேர்ந்தது இதற்கெல்லாம் வெகு காலம் கழித்து. "ஒரு கால் போனது பத்தாதா?" என்று ஊரே கேட்டது. "அந்தக் காலுக்கு கட்டுப் போட்டவ யாரோ ஒரு வீட்டுப் புள்ளதானே? நம்ம வீட்டுலருந்தும் ஒருத்தி போகட்டும்" என்றாள் பிலோமினா. மகளைச் சீருடையில் பார்த்த அன்று அவள் தரையில் நடக்கவில்லை.

கடைசியாக என் கதை. அண்ணன் தோட்ட வாசலைத் தாண்டாமல் ஓட்டிக்கொண்டிருந்த அந்த நாட்களில் எனக்குத் தலைப்பிரசவம். என் கணவர் தூரத்தில் எம்பிலிப்பிட்டியவில் வேலையில் இருந்தார். விடிந்ததும் வலி கண்டது, தோட்ட லொறியோ வெளியே போயிருந்தது. பிலோமினா என்னை அந்த த்ரீவீலரில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டு, "ஓட்டுங்க" என்றாள். தோட்ட வாசலில் வண்டி நின்றுவிட்டது. அண்ணனுக்குக் கண்ணீர் கொட்டியது. "என்னால ஏலாது பிலோ" என்றார். அவள் திட்டவில்லை. பின்னாலிருந்து அவர் தோளில் கை வைத்தாள். "பின்னால ரெண்டு உசுரு இருக்குங்க. அழுறதுன்னா ஓட்டிக்கிட்டே அழுங்க."

அவர் அழுதுகொண்டே ஓட்டினார். வளைவுகளில் ஹாரன் அடித்துக்கொண்டு, பஸ்களை முந்திக்கொண்டு, பழைய இராணுவ டிரைவராகவே ஓட்டினார். பிலோமினா வலியில் கத்தும் என்னைப் பிடித்துக்கொண்டு, "பாருடி, என் மனுசன் ஓட்டுறத!" என்று சிரித்தாள். கொஞ்சம் தாமதித்திருந்தால் என் மகன் தங்கியிருக்கமாட்டான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அவள் எனக்கு என்ன விட்டுப்போனாள் என்று அடக்கத்தன்று சிலர் கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். அவள் பெட்டியை முன்னால் நின்று தோளில் தாங்கி வந்தானே ஒரு நெட்டைப் பையன், அவனைத்தான்.