ஐப்பசிக்குள் வராத சட்டம்

சங்கரன்கோவிலுக்கு நான் முதலில் போனது சாமி கும்பிட அல்ல, ஒரு கூட்டத்துக்கு. ஐம்பதுகளின் தொடக்கம், கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த வாரம். திருநெல்வேலியில் டாக்டர் மரகதத்திடம் நர்சாக இருந்தேன். கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லி டெல்லிக்கு மனு அனுப்ப, அவர் ஊர் ஊராகப் பெண்களிடம் ஆதரவு கேட்டுக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் முப்பத்தைந்து மைல். வழியெல்லாம் கரிசல் புழுதி. (வெள்ளைச் சேலை கட்டிப் போனது என் முட்டாள்தனம்.) நெசவாளர் தெருப் பள்ளிக்கூடத்தில் இருபது பெண்கள் வந்திருந்தார்கள். ஏற்பாடு செய்தது அங்குள்ள டீச்சர்.

டாக்டர் பேசி முடித்ததும், கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்தாள்.

"யம்மா, அந்தச் சட்டம் எப்ப வரும்?"

"காலம் ஆகும்மா."

"ஐப்பசிக்குள்ள வந்துருமா?"

சிலர் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. அவளைத் தனியே அழைத்தார்; நானும் கூட நின்றேன்.

"எனக்கில்லம்மா. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேக்கேன்."

"தாய் உயிருக்கு ஆபத்துன்னாத்தான் இப்ப செய்ய முடியும். மீறிச் செஞ்சா எனக்கும் ஜெயில், அவளுக்கும் ஜெயில். ஆனாலும் அவளை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு, பாக்கேன்."

"அவளுக்குமா ஜெயிலு?" என்றாள். பிறகு டாக்டர் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள்.

பஸ் ஏற்ற வந்த டீச்சர்தான் சொன்னார்: அவள் பெயர் கோமதி, புருஷன் செத்து இரண்டு வருஷம், இரண்டு பிள்ளைகள்.

புரட்டாசியில் டீச்சர் திருநெல்வேலிக்கு வந்தார். யாரோ கொடுத்த மருந்தைக் கோமதி குடித்திருக்கிறாள். காய்ச்சல் கண்டும், "ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், போலீசுக்குச் சொல்லிருவாக" என்று வீட்டிலேயே கிடந்து போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு வான்னு முதல்ல சொல்லியிருக்கணும். ஜெயிலை முதல்ல சொல்லிட்டேன்" என்றார் டாக்டர். மனு போனது. பதில் வரவில்லை. சட்டம் வந்தது எழுபத்தொன்றில். அதைப் பார்க்க டாக்டரும் இல்லை.

இன்று திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்கு ஒன்றரை மணி நேரம்தான். பஸ் நிறைய உண்டு. கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் தாங்காது. இன்னொன்றும் சொல்லவேண்டும். கோமதியின் நிலையில் யாராவது இதைப் படித்தால்: நாள் கடத்தாமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பதினெட்டு முடிந்திருந்தால் உங்கள் சம்மதம் போதும், புருஷன் கையெழுத்து வேண்டாம். உங்கள் பெயரை வெளியே சொல்லக்கூடாதென்றும் சட்டம் இருக்கிறது. ஏற்கெனவே எதையாவது குடித்திருந்தாலும் போங்கள். பயந்துகொண்டு வீட்டிலேயே படுத்துக் கிடக்காதீர்கள்.