ரஹ்மத் அக்கா வீட்டு ஒற்றை முட்டு

நேற்றுச் சாயங்காலம், சேரன்மகாதேவியில் வீடு கட்டும் சிநேகிதர் ஒருவர் வாட்ஸாப்பில் பதினொரு படம் அனுப்பியிருந்தார். எல்லாம் வளைந்த கான்கிரீட் படிக்கட்டுகள். எதைப் போடலாம் என்று கேள்வி. நடுவில் ஒரு தூணை நட்டு அதைச் சுற்றிச் சுற்றி ஏறுவது, சுவரை ஒட்டிக் கால்வட்டம் திரும்புவது, கல்யாண மண்டபத்தில் இருப்பதுபோல் கீழே விரிந்து மேலே ஒடுங்குவது. கடைசியாக, எதையும் பிடித்துக்கொள்ளாமல் அந்தரத்தில் வளைந்து மாடிக்குப் போகும் தூணில்லாத படி. அந்தப் படத்தைப் பார்த்ததும் பச்சைச் சவுக்கு வாசமும் பிரியாணி வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறின. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். சம்பந்தம் நான்தான்.

அதற்கு முன்னால் தூணைச் சுற்றும் படியைப் பற்றி ஒரு வார்த்தை. இடம் மிச்சம், மறுக்கவில்லை. ஆனால் பீரோ ஏறாது. என் பெரியப்பா வீட்டில் அந்தப் படிதான். பீரோ இன்றுவரை கீழேதான் நிற்கிறது. குளித்துவிட்டு வேட்டி எடுக்க, மனிதர் மாடியிலிருந்து துண்டோடு இறங்கி வருவார். விருந்தாளி வந்த நாளில் இன்னும் கஷ்டம்.

தூணில்லாத படிதான் இருப்பதிலேயே அழகு. அழகுக்குத் தக்க திமிரும் உண்டு. கீழே ஓர் இடம், மேலே ஓர் இடம், அவ்வளவுதான் அதற்குப் பிடிமானம். நடுவில் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அதனால் கான்கிரீட்டுக்குள் கம்பி வலை கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு கட்ட வேண்டும். கான்கிரீட் கொட்டுகிறவர்கள் மேல் வலையை மிதித்து அமுக்கிவிட்டால் போச்சு. பக்கத்திலேயே நின்று பார்ப்பதுதான் இஞ்சினியருக்கு வேலை.

நான் டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், மேலப்பாளையத்தில் ரஹ்மத் அக்கா வீட்டு வேலை வந்தது. அவர் கணவர் சார்ஜாவில் இருந்தார். அங்கே யார் வீட்டிலோ பார்த்த தூணில்லாத படி அவர் மனதில் விழுந்துவிட்டது. வீட்டில் மற்றதெல்லாம் அக்காவின் இஷ்டம், படி மட்டும் அப்படித்தான் வேண்டும் என்று போனில் சொல்லிவிட்டார். என் முதலாளி நேர்ப்படி போட்டே தலை நரைத்தவர். என்னிடம் தள்ளிவிட்டார். கல்லூரி நோட்டைப் புரட்டி மூன்று வாரம் கணக்குப் போட்டேன். அதை அவர் ஒரு பெரிய இஞ்சினியரிடம் காட்டிச் சரி என்று வாங்கியும் வந்தார். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை.

குறை பிரியாணியில் வந்தது. கான்கிரீட் போடும் நாளில் வீட்டுக்காரர் எல்லாருக்கும் சாப்பாடு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வேலையை நிறுத்த முடியாது, ஆளுக்கு ஆள் மாற்றிச் சாப்பிடுவார்கள். நான் ஐந்து நிமிஷத்தில் வருவதாகச் சொல்லி உட்கார்ந்தேன். இரண்டாம் முறை வைத்தார்கள், மறுக்கவில்லை. மூன்றாம் முறையும் மறுத்ததாக ஞாபகம் இல்லை. கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், மேல் ஆறு படிகளைக் கான்கிரீட் மூடியிருந்தது. அந்த இடத்தில் மேல் வலை நின்றதா, அமுங்கியதா என்று என் கண்ணால் பார்க்கவில்லை. பலகை அடித்து முட்டுக் கொடுக்கும் சென்ட்ரிங் மேஸ்திரி பேச்சிமுத்து அண்ணாச்சி எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அவரும் அப்போது வெற்றிலை போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

கான்கிரீட் இறுகும் நாள் கணக்கு முடிந்து, அடியில் முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்புகளை அண்ணாச்சி ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார். வளைவுக்கு அடியில் கடைசிக் கம்பு. அதில் கை வைத்தபோது, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நிக்கது நின்னுட்டுப் போவுது வே. சோறா கேக்கு?" என்றார்.

நின்றது, எட்டு மாதம். டைல்ஸ் ஒட்டியவர் அதன் காலைச் சுற்றிச் சிமென்ட் வைத்து இறுக்கிவிட்டுப் போனார். குடி வந்த பிறகு அக்கா அதில் பிளாஸ்டிக் கொடியைச் சுற்றிவிட்டார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் படியில் ஏறி இறங்கி ஓடும்போதெல்லாம் என் கண் அந்தக் கம்பின் மேலேயே இருக்கும். சனிக்கிழமைதோறும் டேப்போடு போய் எதையாவது அளந்துவிட்டு, படிக்கு அடியில் விரிசல் தேடுவேன். பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிரியாணியையும் சொல்ல வேண்டுமே.

ஒரு சனிக்கிழமை அக்கா மடியில் சொளவு என்கிற முறத்தில் பீடி இலையை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். கணவர் கல்ஃபில் சம்பாதித்தாலும் அவர் கை சும்மா இருக்காது.

"அவுக அடுத்த வாரம் வாராக. தூணில்லாத படின்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காக. இந்தக் கம்ப எப்பம் எடுக்கப் போறீய தம்பி?"

வேறு வழியில்லை. பிரியாணி முதல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அக்கா கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொளவிலிருந்து ஓர் இலையை எடுத்தார். ஸ்டூலில் ஏறி, கம்பின் தலைக்கும் படிக்கும் நடுவில் அதைப் பைய நுழைத்தார். இந்தப் பக்கம் நுழைந்த இலை அந்தப் பக்கம் வந்தது.

"ஒட்டடை அடிக்கும்போது ரெண்டாம் மாசமே பாத்துட்டேன். இது எங்கன தாங்குது? சும்மால்லா நிக்குது."

பச்சையாக வெட்டிய சவுக்கு. காய்ந்து ஒரு நூல், அங்குலத்தில் எட்டில் ஒன்று, சுருங்கியிருந்தது. படி ஆறு மாதமாகத் தன் காலில் நின்றிருக்கிறது, நான்தான் நிற்கவில்லை. அப்போதும் எனக்கு நம்பிக்கை போதவில்லை. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, அண்ணாச்சியை வரவழைத்து, படிக்கு இரண்டாக மணல் மூட்டை ஏற்றினோம். ஒருநாள் முழுக்க அப்படியே வைத்து, மறுநாள் நானே ஸ்டூலில் ஏறி இலையை நுழைத்தேன். போனது, அவ்வளவு சுமைக்கும் படி தாழவில்லை. அண்ணாச்சி கம்பை அறுத்துச் சாய்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு நிம்மதி, அதன்பிறகு என் மகள் பிறந்து அழுத சத்தம் கேட்டபோதுதான் வந்தது.

சிநேகிதருக்குத் தூணில்லாத படியையே போடச் சொல்லிவிட்டேன். இப்போது கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது, கம்பியை அங்குலம் அங்குலமாகச் செல்போனில் படம் எடுத்து வைக்கிறோம். சாப்பாடு பொட்டலத்தில் வருகிறது, நின்றுகொண்டே சாப்பிடலாம். நான் வேலை பார்க்கும் இடங்களில் சவுக்குக் கம்பு முட்டாக நிற்பதைப் பார்த்தே பல வருஷம் ஆகிறது. எல்லாம் இரும்பு ஜாக்கி. கோணாது, உளுக்காது, ஒரு நூல்கூடச் சுருங்காது. அன்றைக்கு அந்த வளைவுக்கு அடியில் இரும்பு நின்றிருந்தால் பீடி இலை நுழைந்திருக்காது. நான் இன்னமும் சனிக்கிழமைதோறும் டேப்போடு மேலப்பாளையம் பஸ் ஏறிக்கொண்டிருப்பேன்.